மரியாதை ஒலி

காலை ஐந்தரைக்குக் கைபேசி ஒருமுறை அதிரும். "நேற்றைய மிச்சம் பதினான்கு நிமிடம்" என்று காதுக்குள் சொல்லிவிட்டு அடங்கிவிடும். பணகுடியில் எங்கள் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும் அந்த நேரத்துக்கு அதே குரல்தான் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபராணி, "எனக்கு ஒம்பது. உங்களுக்கு எவ்வளவுக்கா?" என்பாள். பதினான்கு என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும். அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மின்படி. அது கைபேசிக்குள்தான் வந்து விழும், வேறு எதிலும் சேர்த்துவைக்க முடியாது. தண்ணீர்க் குழாய், பேருந்து, மருந்துக்கடை எல்லாம் கைபேசியைக் கேட்டுத்தான் திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலே குளிர்க்கூடத்துக் கதவு. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை, காலை பத்தரைக்கு மேல் மாலை நான்கு வரை வெளியே மனிதன் இருக்க முடியாது. இருந்தால் செத்துப்போவான், அவ்வளவுதான். ஊரே கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கதவுக்கு நம் முகம் தெரியாது, நம் கைபேசியைத்தான் தெரியும். அது அணைந்துபோயிருந்தால் கெஞ்சினாலும் திறக்காது.

அதனால் யாரும் திரையை ஏற்றுவதில்லை. மின்னைக் குடிப்பதில் திரைக்கு நிகர் வேறில்லை. குடியிருப்பில் எல்லோரும் கைபேசியைக் காதால்தான் பார்க்கிறோம். எத்தனை அதிர்வு, எத்தனை ரிங் என்று கேட்டே பாதி வாழ்க்கை ஓடிவிடும்.

இந்தக் கைபேசிகளில் ஓடும் இயங்குதளத்துக்குத் தணல் என்று பெயர். அதன் உறக்கப் பிரிவில் எனக்கு இருபத்தொரு வருட வேலை. ஊர்க்காரர்கள் என் பிரிவைத் தூங்குமூஞ்சி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கைபேசிக்குள் நூறு காரியங்கள் நொடிக்கொரு தரம் எழுந்து, எனக்கு மின் கொடு, எனக்கு மின் கொடு என்று கையை நீட்டும். ஒவ்வொன்றிடமும், "நீ இப்போது எழுந்தே ஆக வேண்டுமா?" என்று கேட்டுத் திருப்பிப் படுக்கவைப்பதுதான் எங்கள் வேலை. அடிக்கடி பயன்படுவது மேல் அடுக்கில் இருக்கும். பயன்படாதது ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்கும். ஐந்தாவது அடுக்குக்கு உறைவு என்று பெயர் வைத்தது நான்தான்.

என் கணவர் சுயம்புலிங்கம் காற்றாலைகளில் பழுது பார்ப்பவர். முப்பந்தலிலிருந்து இந்தப் பக்கம் முழுக்கக் காற்றாடிதான். எங்கள் ஊர்க் காற்று, எங்கள் ஊர் ஆள். மின்சாரம் மட்டும் கடல்நீர் ஆலைக்கும் தூரத்து நகரங்களுக்கும் போய்விடும். ஒரு கோபுரத்தின் உயரம் நானூறு அடி. முன்பெல்லாம் இரண்டு பேராக ஏறுவார்கள். பிறகு நிறுவனம் ஒருவரைக் குறைத்தது. குறைத்த ஆளின் இடத்தில் வீட்டில் இருப்பவரை உட்காரவைத்தார்கள். அதற்குப் பெயர் காப்பாளர். கோபுரத்தில் ஏறுபவனின் கைபேசியில் ஒரே ஒரு எண்தான் திறந்திருக்கும், அது காப்பாளரின் எண். அங்கிருந்து செய்தி வந்தால் காப்பாளர் காவல்கிணற்றில் இருக்கும் மீட்புக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் அவர்கள் வந்துவிடுவார்கள்.

அவருக்குக் காப்பாளர் நான். பேசிச் செலவழிக்க எங்கள் இருவரிடமும் மின் இல்லை. அதனால் நம் ஜனங்கள் காலங்காலமாகச் செய்ததையே நாங்களும் செய்தோம். மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் ஏறிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் இறங்கிவிட்டேன். மூன்று ரிங் என்றால் ஆளை அனுப்பு. எடுக்கவே கூடாது என்பதுதான் அதில் விதி. எடுத்தால் அவருக்கும் நட்டம், எனக்கும் நட்டம். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் நான் எடுத்ததில்லை, மூன்று ரிங்கும் ஒருநாளும் வந்ததில்லை. எங்களைப் போலச் சிக்கனமான புருஷன் பெண்டாட்டி இந்தக் குடியிருப்பிலேயே கிடையாது என்று நான் பெருமை அடித்துக்கொண்டதுண்டு.

போன தை மாதம் எங்கள் பிரிவில் ஒரு வரைபடம் வந்தது. கைபேசிகள் ஒரு நாளில் எத்தனை முறை தூக்கத்திலிருந்து எழுப்பப்படுகின்றன, எதற்காக என்ற கணக்கு. அதில் ஆறில் ஒரு பங்கு, யாருமே எடுக்காத அழைப்புகள். ஒரே ஆளிடமிருந்து தினமும் வரும், மூன்று ரிங்குக்குள் நின்றுவிடும், மறுமுனையில் எடுப்பதே இல்லை. எங்கள் குழுவில் புனேயிலிருந்து வேலை செய்யும் பெண் ஒருத்தி, இவர்கள் யார், ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டாள். பாவம், அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. நான் தெரிந்தவள் மாதிரி, விற்பனைக்காரர்களின் தொல்லை, வேறென்ன என்றேன்.

அன்று காலையில்கூட எனக்கு ஒரு ரிங்கும் இரண்டு ரிங்கும் வந்திருந்தன. அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் அழைப்பு என்று நினைத்ததில்லை. செருப்புச் சத்தம் கேட்டால் ஆள் வந்துவிட்டது என்று தெரிவது மாதிரி அது ஒரு சத்தம். சத்தத்தைப் போய் யாராவது வரைபடத்தில் தேடுவார்களா? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை.

விதியை எழுதினேன். ஒரு எண்ணிலிருந்து தொடர்ந்து அறுபது அழைப்புகள் எடுக்கப்படாமல் போனால் அந்த எண் உறைவுக்குப் போகும். அதன் பிறகு அது அழைத்தால் கைபேசி உடனே எழாது. அழைப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, எழும் வேளையில் எத்தனை ரிங் வந்ததோ அத்தனையையும் அப்படியே அடித்துக் காட்டும். பிடித்துவைத்த முதல் அழைப்பிலிருந்து எண்ணினால், ஆரம்பத்தில் கால் மணி நேரத் தாமதம். அப்போதும் எடுக்காவிட்டால் அரை மணி. பிறகு ஒன்று, இரண்டு, நான்கு. எடுக்காத அழைப்புகள் சேரச் சேர, வர வர வேகமாக இரட்டிப்பு. மறுபடி மேலே வர வேண்டுமானால் அந்த எண்ணைத் திருப்பி அழைத்து இருபது விநாடியாவது பேச வேண்டும். சும்மா அழைத்து வைத்து ஏமாற்றக்கூடாது அல்லவா, அதற்குத்தான் இருபது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு பேசுவதும் கணக்கில் வராது.

இன்னொன்றும் செய்தேன். அழைப்பவனுக்கு ரிங் போகவில்லை என்று தெரிந்தால் அவன் திரும்பத் திரும்ப அழைத்து மின்னை வீணாக்குவான். அதனால் இந்தப் பக்கம் கைபேசி உறங்கினாலும் அந்தப் பக்கம் ரிங் போவது மாதிரியே கேட்கும். அதற்கு மரியாதை ஒலி என்று பெயர் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

விலக்குப் பட்டியல் ஒன்று முன்பு இருந்தது. இந்த எண்ணை ஒருபோதும் உறங்கவைக்காதே என்று அவரவரே எழுதிக்கொள்ளலாம். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெரியப்பாவைப் போட்டால் சித்தப்பாவையும் போட வேண்டும். சம்பந்தி பெயர் இல்லை என்று தெரிந்தால் கல்யாண வீட்டில் சண்டை வரும். ஆளுக்கு முந்நூறு பெயர். எரிச்சலில் பட்டியலையே மூடிவிட்டேன். இத்தனையும் பங்குனியில் எல்லாக் கைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

வைகாசியில் அவருடைய ரிங் கால் மணி பிந்தி வர ஆரம்பித்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனி பிறந்ததும் அரை மணி. இறங்கிய கையோடு டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறாரோ என்று கேட்டேன். இல்லையே என்றார். ஆனிக் கடைசியில் ஒரு மணி நேரம். எனக்கு வீட்டு வேலை, அலுவலக வேலை, இதில் இவருடைய ரிங்குக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வேறு உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெபராணியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் புருஷன் தனிஸ்லாஸும் காற்றாலையில்தான் வேலை. ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்க்கா என்று சிரித்தாள்.

கால், அரை, ஒன்று. என் கையெழுத்து அது. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் திரையை ஏற்றி, அழைப்பு வந்த நேரத்தைப் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்தேன்.

ஆடி எட்டாம் தேதி இரண்டு மணி நேரத் தாமதம். அன்று சாயங்காலம் அவர் வந்து கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு மணி நேரமா எங்க நின்னீங்க?"

"எங்கயும் நிக்கல. இறங்குன உடனே ரெண்டு ரிங் குடுத்தேன் பகவதி. சொன்னா நம்பேன்."

"அப்ப என் போன் பொய் சொல்லுதா?"

"நான் பொய் சொல்லுதேன்னு சொல்ல வாரியா?"

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அதுவே பதில்தான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் வந்தாலும் அவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் தங்காது.

"உன் மெஷினுக்கு என்னயப் பிடிக்காமப் போச்சு போல," என்று சிரித்தார். "என்னனு கொஞ்சம் பாரு."

நான் எழுதியதில் தப்பு இருக்காது என்றேன். நாளைக்கும் இப்படி வந்தால் காப்பாளர் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் விடியும் முன்னே, நான் எழுவதற்குள் போய்விட்டார்.

ஆடி ஒன்பது. எட்டரைக்கு ஏறுவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கு முழு நான்கு மணி நேரம் என்பது எனக்குத் தெரியாது. பத்தரைக்குக் குளிர்க்கூடம் போனேன். பத்துக்குள் இறங்குபவர், பன்னிரண்டுக்குள் எப்படியும் ரிங் வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டைத் தாண்டியதும் எனக்குக் கோபம் வந்தது. பயம் வரவில்லை, கோபம்தான். நேற்று அவ்வளவு சொல்லியும் இப்படியா, வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜெபராணி பக்கத்தில் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு என் கைபேசி எழுந்தது. ஒரு ரிங் அடித்தது. ஏறிவிட்டேன். இப்போதுதானா ஏறினார், இந்த வெயிலிலா என்று நினைப்பதற்குள் அடுத்தது தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. மறுபடி மூன்று. நின்றது. மறுபடி மூன்று. கூடத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபராணிக்கு அது என்னவென்று தெரியும், அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. ஐந்தாவதாக ஒன்று அடித்தது. அது மூன்றில் நிற்கவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக எடுத்தேன். "என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. எப்போதோ வந்த ரிங்கைக் கைபேசி எனக்கு அடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

மீட்புக் குழு பத்து நிமிடத்தில் போய்விட்டது, அதில் குறை சொல்ல முடியாது. உச்சியில் இயந்திர அறைக்குள் கிடந்தார். கால் பல்சக்கரத்தின் பக்கம் மாட்டி முட்டிக்குக் கீழே உடைந்திருந்தது. அது உயிர் போகிற காயம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். உயிரை எடுத்தது சூடு. அந்த அறை பன்னிரண்டு மணிக்கு அடுப்பு மாதிரி ஆகிவிடும். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால்கூட என்று தொடங்கினார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு நான் திரையை ஏற்றிப் பார்த்தேன். படி போனால் போகட்டும் என்று பார்த்தேன். எட்டு நாற்பதுக்கு ஒரு ரிங். ஒன்பது பத்துக்கு மூன்று. ஒன்பது ஐம்பதுக்கு மூன்று. பதினொன்றுக்கு மூன்று. அடித்தது, அடங்கியது. ரிங் போகிறது என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. எனக்கு வந்துவிட்டது, ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று நம்பியிருக்கிறார். நம்பாவிட்டால் மூன்றோடு வெட்டியிருப்பாரா? உடைந்த காலோடு அந்தச் சூட்டில் கிடந்துகொண்டு, என் மின்னையும் தன் மின்னையும் மிச்சம் பிடித்திருக்கிறார். பதினொன்று நாற்பதுக்குத்தான் வெட்டாமல் விட்டிருக்கிறார். நாற்பத்தொரு விநாடி. ஒருமுறையாவது எடுப்பேன் என்று நினைத்தாரோ, நேற்றைய கோபத்தில் வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறேன் என்று நினைத்தாரோ. இரண்டாவதைத்தான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அது என்னைத் தின்கிறது.

இருபது விநாடி. ஒரே ஒருநாள் எடுத்தோ திருப்பிக் கூப்பிட்டோ இருபது விநாடி பேசியிருந்தால் அவர் மேல் அடுக்குக்கு வந்திருப்பார். சாப்பிட்டீங்களா, வெயில் எப்படி, வரும்போது கத்தரிக்காய் வாங்கிட்டு வாங்க. இவ்வளவு சொன்னாலே இருபது விநாடி ஆகிவிடும். ஒன்பது வருடம் நாங்கள் அதைச் சேர்த்துச் சேர்த்து வைத்தோம்.

காரியம் முடிந்த மறுநாளே வேலையில் உட்கார்ந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். அந்த விதியை நீக்கும் திருத்தத்தை எழுதினேன். எழுதிச் சோதனை ஓட்டம் விட்டேன். விதியை நீக்கினால் கைபேசிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, குளிர்க்கூடத்துக் கதவுக்கு வேண்டிய மின் இல்லாமல் காலையிலேயே காலியாகிவிடுகிறது. இதைச் சரிபார்க்க மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதே விடை. கதவுக்கு வெளியே நிற்கப்போகிறவர்களை எண்ணிப் பார்த்தேன். என் கணவர் ஒருவர். அவர்கள் ஆயிரக்கணக்கில்.

காற்றாலைக் குடும்பங்களுக்கு மட்டுமாவது விலக்குக் கொடுங்கள் என்று மேலிடத்தில் கேட்டேன். வருத்தத்தோடுதான் பேசினார்கள். ஒரு புதிய பதிப்பை எல்லாக் கைபேசிகளுக்கும் இறக்குவதற்கே அரைநாள் படி போய்விடும், கோடை முடிந்து கார்த்திகையில் பார்க்கலாம் என்றார்கள். கோடையில் பதிப்பு இறக்கக்கூடாது என்ற ஒழுங்கையும் நான்தான் கொண்டுவந்தேன். எழுதிய திருத்தத்தை என் கையாலேயே அழித்தேன்.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு ஜெபராணி குழந்தையோடு வந்தாள். காலை எட்டு மணி இருக்கும். எனக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். என்னைக் கொஞ்சம் பேச்சில் இழுக்க வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். தனிஸ்லாஸும் இப்போதெல்லாம் ரிங்கைப் பிந்திக் கொடுக்கிறானாம். நேற்று நல்லா ஏசிவிட்டாளாம். அண்ணனுக்கு ஆனது தெரிந்தும் இப்படிப் பொறுப்பில்லாமல் இருக்கிறானே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எவ்வளவு பிந்துகிறது என்று கேட்டேன்.

"மொதல்ல கால் மணிக்கா. பொறவு அரை மணி. இந்த வாரம் பூரா ஒரு மணி நேரம்."

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது அழைப்பு, உறைவு, இரட்டிப்பு, மரியாதை ஒலி, எதையும் மறைக்கவில்லை. எழுதியது நான் என்றும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்க்கா?"

"ரிங் வந்தா உடனே திருப்பிக் கூப்பிடு. இருபது செகண்டு பேசு. சாப்பிட்டாச்சான்னு எதையாவது பேசு. தூங்குமூஞ்சி அவரை மேல தூக்கிவிட்டுரும்."

"அங்கேருந்து பேசினா அவருக்கு எவ்வளவு போகும்?"

எனக்கு மனப்பாடம். கோபுரத்து உச்சியோ அடியோ, அங்கிருந்து பேசுவதுதான் எல்லாவற்றிலும் செலவு. சொன்னேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் எண்ணியதில் பிழை இல்லை.

"அப்ப இறங்கி வந்ததும் அவருக்குக் கூடத்துக் கதவு திறக்காதேக்கா."

கதவு எவ்வளவு கேட்கும், கைபேசி எவ்வளவு கொடுக்கும் என்பதையெல்லாம் மாற்றவே முடியாதபடி கச்சிதமாகப் பொருத்தியது எங்கள் பிரிவுதான். அதற்கு ஒரு வருடம் விருது கொடுத்தார்கள்.

இன்றைக்கு எத்தனை மணிக்கு ஏறுவதாகச் சொன்னான் என்று கேட்டேன். ஏழரைக்கு என்றாள். கைபேசியை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். அதன் திரை கறுப்பாகக் கிடந்தது. வெளியே மலைக்கணவாய்க் காற்று ஓலமிட்டது, காற்றாடிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. எந்தக் கோபுரம் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. காலையில்தான் சொல்வார்களாம். இருநூறு கோபுரங்கள் இருக்கின்றன. அவளே அவனைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் கதவுக்கான மின் போய்விடும். அவள் பெருவிரல் கைபேசி வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

"ஏறியிருப்பாருக்கா. ரிங் குடுத்திருப்பாரு," என்றாள். என்னிடம் கேட்கிறாளா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு ரிங்கா மூன்று ரிங்கா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வாரம் பூரா ஒரு மணி நேரம் என்றால், என் கணக்கில் இன்றிலிருந்து இரண்டு. குழந்தை தூங்கிவிட்டது. நாங்கள் இருவரும் அந்தக் கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது ஒன்பதரைக்கு அடிக்கும். அதற்குள் மேலே என்ன நடந்தாலும் ஒன்பதரைக்குத்தான் அடிக்கும்.